யார்டு கிண்டல்: புதுப் பையனை ஸ்டோருக்கு எதுக்கு அனுப்பலாம்?

மார்ச் 4, இரவு 9.12 (கேள்வி)

தம்பி ரயில்வே வேகன் டெப்போவில் அப்ரண்டிஸா சேர்ந்து மூணு நாள் ஆகுது. இன்னைக்கு ஒரு ஃபிட்டர் கூப்பிட்டு, "ஸ்டோர்ல போய் பாக்ஸ்என் வேகனுக்கு ரெண்டு பஃபர் வாங்கிட்டு வா"ன்னு அனுப்பியிருக்கார். ஸ்டோர்காரர் இன்னொரு ஸ்டோருக்கு அனுப்ப, அங்கேருந்து ஆபீஸுக்கு அனுப்பியிருக்காங்க. முக்கால் மணி நேரம் அலைஞ்சு வெறுங்கையோட வந்தவனைப் பார்த்து மொத்த கேங்கும் சிரிச்சிருக்கு. இது ராகிங் இல்லாம வேற என்ன? யார்டு வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 4, இரவு 10.05

ராகிங் இல்லை. நல்ல கிண்டல்தான்.

பாக்ஸ்என்ங்கிறது மேல் திறந்த சரக்கு வேகன். அதுக்கு ஓரத்தில் இடி தாங்குற பஃபரே கிடையாது. நடுவில் ஒரே ஒரு சிபிசி, அதாவது வேகனை வேகனோட கோக்கிற, மடக்கின விரல் மாதிரி நக்கிள் உள்ள கப்ளர். இழுக்கிறதும் அதுதான், இடி தாங்குறதும் அதுதான். ரெண்டு பக்கமும் பஃபர் இருக்கிறது திருகி இறுக்கிற ஸ்க்ரூ கப்ளிங் போட்ட வண்டிகளுக்கு. தம்பி ஸ்டோருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எதிரே நின்ன வேகனோட முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தா போதும். "அண்ணே, இதுக்கு சிபிசிதானே, பஃபர் ஏது?"ன்னு கேட்டிருந்தா கிண்டல் அந்த இடத்திலேயே முடிஞ்சிருக்கும். அந்த ஃபிட்டருக்கும் அவன்மேல ஒரு மதிப்பு வந்திருக்கும்.

விடை வேகன்மேலேயே இருக்கணும். இல்லாத சாமானைத் தேட அனுப்பலாம், ஆனா அது ஏன் இல்லைங்கிறதைக் கண்ணால பார்த்தே பையன் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கணும். அதே ரகத்தில் இன்னும் சில:

எல்எச்பி பெட்டிக்கு நாலு பிரேக் பிளாக். (எல்எச்பிங்கிறது புது ரகப் பயணிகள் பெட்டி, டிஸ்க் பிரேக். அதுக்கு பேட்தான். சக்கரத்து மேல போய் உரசுற பிளாக் பழைய ரக ஐசிஎஃப் பெட்டிக்கு.)

எல்எச்பிக்கு டாஷ்பாட் ஆயில். (டாஷ்பாட்ங்கிறது அதிர்வைத் தாங்குற எண்ணெய்க் குப்பி, ஐசிஎஃப் போகியில, அதாவது சக்கரச் சட்டத்தில் இருக்கும். எல்எச்பியோட ஃபியட் போகியில அந்த அமைப்பே கிடையாது.)

ஏர் பிரேக் வேகனுக்கு வேக்குவம் கேஜ். (காத்தழுத்தத்தில் ஓடுற பிரேக்ல வேக்குவம் ஏது?)

"1676 பேக் டு பேக் இருக்கான்னு அளந்துட்டு வா." இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1676 மில்லிமீட்டர்ங்கிறது தண்டவாளத்தோட கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள அகலம். ஒரு ஆக்சில்ல ரெண்டு சக்கரத்தோட உள்முகத்துக்கு நடுவில் வர்ற அளவு 1600. பையன் நிஜமா அளந்துட்டு வந்து, "அண்ணே 76 குறையுது, சக்கரத்தைக் கழிச்சுடணுமா?"ன்னு பதறுவான். அப்போ ஃப்ளேஞ்சை, அதாவது தண்டவாளத்துக்கு உள்பக்கமா இறங்கி நிக்கிற சக்கர விளிம்பைக் காட்டி விளக்கினா ஆயுசுக்கும் மறக்க மாட்டான். புஸ்தகத்தில் பத்து தடவை படிச்சும் நிக்காத எண் இது.

மார்ச் 4, இரவு 10.20

தம்பிக்கு ஒரு தற்காப்பு. யார் எதைக் கேட்டாலும், "பிஎல் நம்பர் என்னண்ணே?"ன்னு திருப்பிக் கேட்கச் சொல்லுங்க. ரயில்வே ஸ்டோர்ல வாடிக்கையா வர்ற சாமானுக்கெல்லாம் எட்டு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். கிண்டலுக்குச் சொல்ற சாமானுக்கு அது இருக்காது. இந்த ஒரு கேள்வி கேட்கிற பையனை ரெண்டாவது தடவை யாரும் அனுப்ப மாட்டாங்க.

இடது கை ஸ்பேனர், ஒரு வாளி நீராவி மாதிரி வெளியூர்ல இருந்து வந்த பழைய கிண்டல் எல்லாம் எனக்கு ஒப்பு இல்லை. அதில் கத்துக்க ஒண்ணும் இல்லை.

மார்ச் 5, காலை 6.40

நேத்து ராத்திரி எழுதினதில் ஒரு திருத்தம். இடது கை ஸ்பேனர் கிடையாதுங்கிறது சரி. இடது மரை (இடது பக்கமா சுத்தினா இறுகுறது) உண்டு, அது தெரியாம அந்தக் கிண்டலைத் தள்ளினது என் அவசரம். அசிட்டிலீன் சிலிண்டர் ரெகுலேட்டரோட நட் இடது மரை. ஆக்சிஜன் வலது மரை. ஒண்ணை மாத்தி இன்னொண்ணில் போட முடியாதபடி வெச்சிருக்காங்க. இடது மரை நட்டோட முனைகளில் ஒரு சின்ன வெட்டுக் குறி இருக்கும், விரலால தடவினாலே தெரியும். பெஞ்ச் கிரைண்டர்ல இடது பக்கத்து சக்கரத்தைப் பிடிக்கிற நட்டும் இடது மரைதான், ஓடும்போது தானா கழண்டுடக் கூடாதுன்னு. ஐசிஎஃப் பெட்டியோட ஸ்க்ரூ கப்ளிங்கில் ஒரே தண்டில் பாதி வலது மரை, பாதி இடது மரை. அதனாலதான் ஒரு பக்கமா சுத்தினா ரெண்டு முனையில் இருக்கிற ஷேக்கிள் வளையமும் ஒரே நேரத்தில் நெருங்கி வருது.

அப்போ பையனை, "இடது மரை எங்கெல்லாம் இருக்கு, மூணு இடம் காட்டு"ன்னு அனுப்பலாம். முதல்ல, "இடது மரையா, விளையாடாதீங்கண்ணே"ன்னுதான் சொல்லுவான். மூணையும் கண்டுபிடிச்சுட்டு வரும்போது முகம் வேற மாதிரி இருக்கும்.

வாளி நீராவியையும் முழுசாத் தள்ள முடியாது. பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சினே கட்டியிருக்காங்க. அங்க ஒரு பையன், "எந்தப் பாய்லர்ல பிடிக்கணும் சார்?"ன்னு கேட்டா அனுப்பினவர்தான் முழிக்கணும்.

மார்ச் 5, மதியம் 1.15

"அப்போ எதைத் தொடவே கூடாது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இதுக்கு நீளமாத்தான் பதில் சொல்லணும்.

சிவப்புக் கொடி. சிக் லைன்ல, அதாவது பழுதான வேகனை நிறுத்தி வேலை பார்க்கிற லைன்ல, வேகனுக்கு அடியில் ஆள் இருக்கான்னு சொல்றது அந்தத் துணி ஒண்ணுதான். கொடியை ஒளிச்சு வைக்கிறது, இடம் மாத்தி நடுறது, வேலையே இல்லாத லைன்ல நட்டு வெச்சு ஷண்டிங்காரரை (யார்டுல வண்டியைத் தள்ளி மாத்தறவர்) நிக்க வைக்கிறது எல்லாம் கிண்டல் கணக்கில் வராது. கடைசியாச் சொன்னது பார்வைக்குப் பாவமாத் தெரியும். ஆனா ஒரு தடவை பொய்யா நின்ன கொடியைப் பார்த்தவர் அடுத்த தடவை நிஜக் கொடியை நம்ப யோசிப்பார். லைன் பிரியுற பாயின்ட்டுக்குப் போட்ட பூட்டும் சாவியும் அதே கணக்கு. சாவியை ஒளிச்சு வெச்சா, வேலை முடிஞ்சதும் அவசரத்தில் யாராவது மாத்துச் சாவி செஞ்சு வெச்சுக்குவாங்க. அன்னைக்கே அந்தப் பூட்டு செத்துப் போச்சு.

சக்கரம் உருளாம இருக்கக் கொடுத்த ஸ்காட்ச் கட்டை. உட்கார்றதுக்குக்கூட எடுக்கக் கூடாது. ரோலர் பேரிங் போட்ட காலி வேகன் லேசான சரிவிலேயே நகரும், அதுவும் சத்தமே இல்லாம.

ஆங்கிள் காக், அதாவது வேகன் முனையில் பிரேக் காத்துக் குழாயைத் திறந்து மூடுற திருப்பி. ரேக்குக்கு (கோத்து நிக்கிற மொத்த வண்டி வரிசை) நடுவில் இந்தத் திருப்பி ஒண்ணை யாராவது விளையாட்டா மூடிட்டா, அதுக்குப் பின்னாடி இருக்கிற வேகனுக்கெல்லாம் எஞ்சின்ல இருந்து பிரேக் போடவே முடியாது. பாக்ஸ்என் ரேக்குன்னா 58 வேகன். காத்து கடைசி வரை போகுதான்னு பார்க்கிற கன்டினியூட்டி டெஸ்ட்ல பிடிபடும்தான். எஞ்சின்ல காத்தழுத்தம் 5 கிலோ காட்டும்போது கடைசி வண்டியில் 4.7, 4.8 வரணும். ஆனா டெஸ்ட் முடிஞ்சப்புறம் மூடினா? இதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

எம்ப்ட்டி லோட் கைப்பிடி, அதாவது வேகன் காலியா லோடான்னு பார்த்து பிரேக் பலத்தை மாத்தறது. காலி வேகன்ல லோடுக்குத் திருப்பி வெச்சா பிரேக் பலமாப் பிடிச்சு சக்கரம் உருளாம வழுக்கும், டயர்ல, அதாவது சக்கரத்து இரும்பு ஓரத்தில், தட்டை விழும். லோடு வேகன்ல எம்ப்ட்டிக்குத் திருப்பினா 81 டன் வேகனுக்கு 22 டன் வேகனோட பிரேக்தான் கிடைக்கும்.

கைச்சாடை. யார்டுல ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா நில்லுன்னு அர்த்தம். ராத்திரியில் எந்த விளக்கையும் வேகமா ஆட்டினா நில்லு. தூரத்தில் போற நண்பனைக் கேலி பண்ணக் கையை ஆட்டாதீங்க, வாயால கூப்பிடுங்க.

கடைசியா மேலே ஓடுற கம்பி. 25 ஆயிரம் வோல்ட். ஒருத்தனோட தொப்பியையோ தண்ணி பாட்டிலையோ வேகன் மேல வீசி, "ஏறி எடுத்துக்கோ"ங்கிறது கொலைக்குச் சமம். கம்பியைத் தொடணும்னுகூட இல்லை. ரெண்டு மீட்டருக்குள்ள போனாலே ஆபத்துன்னுதான் அந்தத் தூரத்தை விதியா வெச்சிருக்காங்க.

மார்ச் 5, மதியம் 1.40

காத்துக் குழாய். விட்டுப் போச்சு, முதல்ல சொல்லியிருக்க வேண்டியது.

சட்டைக்குள்ள, காதுக்குள்ள, பின்பக்கமா ஏர் ஹோஸ் வெச்சு அடிக்கிறது இன்னும் சில ஷெட்டுல விளையாட்டா நடக்குது. உடம்புக்குள்ள காத்து போய் குடல் கிழிஞ்சு ஆள் செத்த சம்பவங்கள் நம்ம நாட்டுத் தொழிற்சாலைகளில் நடந்திருக்கு. துணிக்கு மேலேயே அடிச்சாலும் உள்ளே போகும். பிரேக் பைப்பில் இருக்கிறது 5 கிலோ, அதாவது 71 பிஎஸ்ஐ. சாமானைச் சுத்தம் பண்ற காத்துக்கே அமெரிக்காவில் 30 பிஎஸ்ஐக்கு மேல போகக் கூடாதுன்னு விதி இருக்கு. சட்டையில் ஒட்டின தூசியைக்கூட காத்து வெச்சு ஊதிக்கக் கூடாது.

சத்தம் காட்டிப் பயமுறுத்த ஹோஸைப் பட்டுனு பிரிக்கிறவங்களும் உண்டு. ரெண்டு பக்க ஆங்கிள் காக் திருப்பியையும் மூடி, ஹோஸ்ல இருக்கிற காத்து வெளியேறி சீறல் அடங்கினப்புறம்தான் பிரிக்கணும். காத்தோட பிரிச்சா இரும்புத் தலை பாம்பு மாதிரி எகிறி மூஞ்சியில் அடிக்கும்.

மார்ச் 6, இரவு 8.30

கிரீஸ் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கார். ஸ்பேனர் கைப்பிடிக்கு அடியில் கிரீஸ் தடவி வைக்கிறது பழைய விளையாட்டு, அதுல என்ன தப்புன்னு கேட்கிறார்.

தப்பு ஆக்சிஜன் சிலிண்டர்ல இருக்கு. அந்தக் கையோடவோ கிளவுஸோடவோ போய் ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொட்டா, அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையில் படும்போது தீப்பொறியே இல்லாமப் பத்திக்கும். அதனாலதான் கறுப்பு சிலிண்டர் பக்கத்தில் எண்ணெய்க் கையோட வராதேன்னு எழுதி ஒட்டியிருக்கும். யார் எப்போ கட்டிங் டார்ச்சைப் பிடிப்பாங்கன்னு கிரீஸ் தடவுறவருக்குத் தெரியாது. ஏணிக் கைப்பிடியும் ஜாக் கைப்பிடியும் வழுக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கை கறையாகணும், அவ்வளவுதானேன்னா மார்க்கிங் புளூ இருக்கு. பேரிங் எங்கெல்லாம் ஒட்டி உட்காருதுன்னு பார்க்கத் தேய்க்கிற நீலம். லாக்கர் கைப்பிடியில் ஒரு அரிசி அளவு போதும், சாயங்காலத்துக்குள்ள கன்னம், காது, சட்டைக் காலர்னு பரவிடும். சோப்பு மட்டும் போட்டா போகாது. எண்ணெய்யில் குழைச்சது, எண்ணெய்தான் இளக்கும். தேங்காயெண்ணெய் தேய்ச்சுத் துணியால துடைச்சுட்டு அப்புறம் சோப்பு. டீ கிளாஸ் விளிம்பு, சோத்து டப்பா, கண் கிட்ட வர்ற கண்ணாடி இதிலெல்லாம் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 6, இரவு 9.05

வெல்டிங் ஆளுங்களுக்கும் ஒண்ணு. டூல் பாக்ஸ் மூடியை ரெண்டு பொட்டு டேக் போட்டு ஒட்டி வைக்கிறது. பெஞ்ச் மேல வெச்சுச் செஞ்சா உளி வெச்சு ஒரு தட்டுல பிரிஞ்சுடும், பெயின்ட் மட்டும் போகும். ஸ்பேனரை ஒட்டாதீங்க, சூடு பட்ட இடம் பிற்பாடு பலம் கொடுக்கிற நேரத்தில் உடையும்.

வேகன் மேல எதையும் விளையாட்டா ஒட்டவே கூடாது. அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு எர்த் கிளாம்பைத் தண்டவாளத்தில் மாட்டிட்டு போகி ஃப்ரேம்ல பொட்டு வெச்சா, கரன்ட் திரும்பிப் போற வழி பேரிங் வழியாத்தான். பேரிங் ரோலருக்கும் அது ஓடுற வளையமான ரேஸுக்கும் நடுவில் பொறி பறந்து சின்னச் சின்னக் குழி விழும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி எங்கேயோ ஆக்சில் கொதிச்சு வேகனைக் கழட்டி விடுவாங்க, காரணம் யாருக்கும் தெரியாது. நிஜ வேலைக்கும் இதே விதிதான்: எந்தத் துண்டில் வெல்டிங்கோ அதே துண்டில், பக்கத்திலேயே எர்த்.

மார்ச் 7, மாலை 6.50

கொஞ்சம் சந்தோஷமான பக்கம். யார்டுல கை வெச்சுப் பண்ற கிண்டலைவிட வாயால பண்றதுதான் அழகு, அதுக்குத் தேவையான சொல் எல்லாம் வேகன்லயே இருக்கு.

லீவு போட்டவன் சிக், பழுதான வேகன் மாதிரி. திரும்பி வந்தா ஃபிட். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர் பிஓஎச், அதாவது பெரிய பராமரிப்பு முடிச்சு வந்திருக்கார். நாலு நாள் வைத்தியம்னா வெறும் ஆர்ஓஎச், சின்னப் பராமரிப்பு. சண்டை போட்டுட்டு மறுநாளும் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கிறவர் பிரேக் பைண்டிங், பிடிச்ச பிரேக் விடாம நிக்கிறவர். "யாராவது போய் பிரேக்கை விடுவிக்கிற ரிலீஸ் வயரை இழுங்கப்பா"ன்னா அவரே சிரிச்சுடுவார். சட்டுனு கொதிக்கிறவர் ஹாட் ஆக்சில். ஒரே புலம்பலைத் தினமும் புலம்புறவர் பிளாட் டயர், ஒவ்வொரு சுத்துக்கும் அதே தட்டு. கூட்டத்தோட வருவார், போவார், வேலை மட்டும் செய்ய மாட்டார்னா அவருக்கு டிவி, அதாவது பிரேக் பிடிக்க வைக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் வால்வு, ஐசோலேட் ஆயிருக்கு. டிஸ்ட்ரிப்யூட்டர் வால்வை அடைச்ச வேகனும் அப்படித்தானே, காத்து அது வழியாப் போகும், பிரேக் மட்டும் பிடிக்காது. இதைவிடப் பொருத்தமா ஒரு சோம்பேறியைச் சொல்ல முடியும்னு எனக்குத் தோணலை.

இந்தப் பேச்சும் புதுப் பையனுக்கு ஒரு பாடம்தான். ஐசோலேட்னா ஏன் சிரிக்கிறாங்கன்னு புரியறதுக்காகவே டிவியைப் பத்திக் கேட்பான்.

சட்டை முதுகில் சாக்பீஸால சிக்னு எழுதறது சரி. அச்சடிச்ச சிக் லேபிளை எடுத்து ஒட்டக் கூடாது. அது ஒரு வேகனுக்குப் போக வேண்டிய லேபிள். வேகன் மேல கிண்டலா எதையும் கிறுக்கவும் கூடாது, அடுத்த யார்டுல படிக்கிறவர் அதை வேலைன்னு எடுத்துக்குவார்.

மார்ச் 7, மாலை 7.05

இடையில் ஒருத்தர் ஆயுத பூஜையை ஞாபகப்படுத்தினார். தூங்குறவரோட ஹெல்மெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பொரியும் படைச்சு வைக்கிறது ரொம்ப அழகான கிண்டல், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கம்பிக்கு அடியில் நிக்கிற எஞ்சினுக்கு உயரமான வாழைக்கன்னு மட்டும் கட்டாதீங்க. ஈரமான வாழை கரன்ட்டைக் கடத்தும்.

மார்ச் 8, இரவு 9.30

கேள்வி கேட்டவர் இன்னைக்கு எழுதினதைப் படிச்சேன். ரெண்டாவது ஸ்டோர் லைனுக்கு அந்தப் பக்கமாம். தம்பி ரெண்டு தடவை மூணு லைனைத் தாண்டியிருக்கான், ஒரு தடவை நிறுத்தி வெச்ச ரெண்டு வேகனுக்கு நடுவில் புகுந்திருக்கான்.

அப்போ நான் முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்கறேன். கேட்ட சாமான் சரி, அனுப்பின வழி தப்பு. மூணு நாள் ஆன பையனுக்கு எந்த லைன்ல ஷண்டிங் நடக்குதுன்னு தெரியாது. வெறுங்கையோட வர்ற வெட்கம், ஓட்டம், அவசரம், இந்த மூணும் சேர்ந்துதான் வேகனுக்கு நடுவில் புகச் சொல்லும். நிக்கிற வேகன்ல இன்னொரு வேகன் வந்து மோதினா அந்த இடைவெளி ஒரு நொடியில் மூடிடும்.

அந்த கேங்குக்கு யாராவது இதைச் சொல்லணும். அனுப்பற தூரம் ஒரே ஷெட்டுக்குள்ள, ஒரே கூரைக்கு அடியில். ஸ்டோர்காரருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அவர் பையனை வேற எங்கேயும் தள்ளி விடாம, "வேகனைப் பார்த்துட்டு வா தம்பி"ன்னு திருப்பி அனுப்பணும். பத்து நிமிஷத்துக்குள்ள முடியணும். முடிஞ்சதும் அனுப்பினவரே டீ வாங்கிக் கொடுத்து விளக்கணும். தம்பிகிட்ட லைனைத் தாண்டற முறையையும் சொல்லுங்க: ரெண்டு பக்கமும் பார்த்து, நேர்குறுக்கா, ரெயில் தலையில் கால் வைக்காம, நிக்கிற வேகனோட முனையை விட்டு நல்லாத் தள்ளி. வேகனுக்கு அடியிலோ நடுவிலோ எப்பவும் கிடையாது, யார் அனுப்பினாலும்.

முக்கால் மணி நேரம்னு முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தீங்க. அங்கேயே நான் கேட்டிருக்கணும்.

மார்ச் 10, மாலை 5.20

ரிட்டயர் ஆகிறவருக்கு என்ன பண்ணலாம்னு ஒரு கேள்வி. வேகன் பக்கத்தில் எழுதியிருக்கிற மாதிரியே ஒரு ஸ்டென்சில் பலகைதான் சிறந்தது. பழைய தகடு ஒண்ணு, ரெண்டடிக்கு ஒண்ணரையடி. துருவைத் தேய்ச்சு சிவப்பு ஆக்சைடு ஒரு கோட், நல்லாக் காயவிட்டு வெள்ளையில் எழுத்து. பெயின்ட் தண்ணியா இருந்தா ஸ்டென்சிலுக்கு அடியில் கசியும். பிரஷ்ஷைத் தோய்ச்சு, பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, இழுக்காம குத்திக் குத்திப் போடுங்க. டேர் (காலி எடை), கேரியிங் கெப்பாசிட்டி (ஏத்தற எடை), பிஓஎச் எல்லாம் அவருக்குத் தகுந்த மாதிரி. பாக்ஸ்என்னுக்கு டேர் 22.47 டன், அவருக்கு எத்தனை கிலோன்னு அவர் மனைவிகிட்ட கேட்டு எழுதுங்க.

நம்பர் 11 இலக்கம் வரணும். முதல் ரெண்டு வேகன் வகை, அடுத்த ரெண்டு எந்த ரயில்வே, அடுத்த ரெண்டு கட்டின வருஷம் (இங்க அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம்), அப்புறம் நாலு தனி எண், கடைசி சரிபார்க்கிற இலக்கம். 1988ல் சேர்ந்தவர்னா 10 06 88 4127 வரைக்கும் எழுதியாச்சுன்னு வெச்சுக்குவோம். இடமிருந்து எண்ணி இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டுங்க: 0, 6, 8, 1, 7, மொத்தம் 22. மூணால பெருக்கினா 66. ஒற்றை இடத்தில் 1, 0, 8, 4, 2, மொத்தம் 15. ரெண்டும் சேர்த்து 81. அடுத்த பத்து 90, வித்தியாசம் 9. அதுதான் கடைசி இலக்கம்.

கிண்டல் எங்கேன்னா, வேணும்னே 9க்குப் பதிலா 4 போட்டு மாட்டுங்க. நம்பர் எழுதியே காலம் போன ஆள் ஒருத்தராவது கூட்டத்தில் இருப்பார். மாலை போடறதுக்கு முன்னாடி, "நம்பர் தப்பு"ன்னு குரல் வரும். ரிட்டயர் ஆகிறவரே கண்டுபிடிச்சுட்டா அவருக்கு அதைவிட நல்ல மரியாதை வேற இல்லை. சரியான 9 வெட்டின ஸ்டென்சிலும் பிரஷ்ஷும் மேசைக்கு அடியில் தயாரா இருக்கட்டும், அவர் கையாலேயே மாத்தட்டும்.

மார்ச் 10, இரவு 8.00

கூட்டினது ஏற்கெனவே முழுப் பத்தா வந்தா என்னன்னு கேட்டவருக்கு: கடைசி இலக்கம் 0. அடுத்த பத்துக்குப் போகக் கூடாது.